பெயர் மாறிய அணியும் திறக்கப்படாத அறைகளும்

மே மாதம் ஹொலிவூட்டுக்கு வசூல் மாதம். மார்வெல் நிறுவனம் தானே தயாரித்த முதற்படமான 'அயர்ன் மேன்' அமெரிக்காவில் 2008 மே 2 ஆம் திகதி வெளியானது. அந்த நிறுவனத்தின் நாயகர்கள் எல்லோரும் முதன்முதலாக ஒன்றுசேர்ந்த 'தி அவெஞ்சர்ஸ்' 2012 மே 4 ஆம் திகதி திரைக்கு வந்தது. இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில்தான் நமது 2009 மே இருக்கிறது.

உலகத்தைக் காப்பாற்ற வானத்திலிருந்து வீரர்கள் இறங்கிவரும் கதைகளை உலகம் கொண்டாடத் தொடங்கிய காலத்தில், வானத்திலிருந்து வருவது என்னவென்று பதுங்குகுழிக்குள் இருந்து காதுகொடுத்துக் கேட்டவர்கள் நாம். அதனால் இந்த வகைப் படங்களோடு நம்மில் பலருக்கு ஒட்டுதல் இல்லை. பிள்ளைகள் பார்க்கிறார்கள், சிரிக்கிறார்கள், சட்டையில் அந்தப் படங்களைப் போட்டுக்கொள்கிறார்கள். பெரியவர்கள் ஒரு கண்ணால் பார்த்துவிட்டு எழும்பிப் போய்விடுகிறோம்.

2025 மே மாதத் தொடக்கத்தில் வந்த 'தண்டர்போல்ட்ஸ்' அப்படி எழும்பிப் போக விடாத படம். அதைப் பற்றி ஒரு செய்தித் தளத்தில், அதுவும் திருகோணமலையை முன்னிறுத்தி ஏன் எழுத வேண்டும் என்று கேட்கலாம். இந்தப் படத்தின் கதை நடப்பது ஆதாரங்களை அழிக்கும் ஒரு நிலவறையிலும், மனிதர்கள் நிழலாகிப் போகும் ஒரு நகரத்திலும், வெளியே சொல்ல முடியாத செயல்கள் பூட்டிவைக்கப்பட்ட அறைகளிலும். திருகோணமலைக்காரருக்கு இந்த மூன்றும் தெரிந்த இடங்கள். படத்தின் கதையை முடிவு வரை சொல்லியே எழுத வேண்டியிருக்கிறது. பார்க்க இருப்பவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

எதிர்பார்ப்பு இல்லாமல் வந்த படம்

'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' 2019 இல் உலகெங்கும் ஏறத்தாழ 280 கோடி டொலர் வசூலித்தது. அதற்குப் பிறகு மார்வெலின் படங்கள் சலிப்புத் தட்டத் தொடங்கின. 2023 இல் வந்த 'தி மார்வெல்ஸ்' அந்த நிறுவனத்தின் வரலாற்றிலேயே மிகக் குறைந்த வசூலைப் பெற்றது. 2025 பெப்ரவரியில் வந்த 'கப்டன் அமெரிக்கா' படத்தையும் விமர்சகர்கள் வரவேற்கவில்லை. இந்த நிலையில், முன்னைய படங்களில் இரண்டாம் மூன்றாம் வரிசையில் நின்ற பாத்திரங்களைக் கூட்டிச் சேர்த்து ஓர் அணி என்றபோது பெரிதாக யாரும் எதிர்பார்க்கவில்லை.

ஆனால் ஜேக் ஷ்ரையர் இயக்கிய இந்தப் படம், பல வருடங்களுக்குப் பிறகு வந்த நல்ல மார்வெல் படம் என்று பெரும்பாலான விமர்சகர்களால் பாராட்டப்பட்டது. வசூல் 38 கோடி டொலரைத் தாண்டியதோடு நின்றுவிட்டது. அந்த நிறுவனத்தின் கணக்கில் அது பெரிய தொகை இல்லை.

படத்தின் பலம் அதன் ஆட்களில் இருக்கிறது. இவர்கள் யாரும் வீரர்கள் என்று சொல்லிக்கொள்ளத் தகுதியுள்ளவர்கள் அல்லர். புளோரன்ஸ் பியூ நடித்த யெலேனா, சிறுவயதிலேயே பிடிக்கப்பட்டு கொலைக்குப் பயிற்றப்பட்டவள். ஜோன் வோக்கர், ஊர் பார்த்திருக்க ஒருவனை அடித்துக் கொன்ற முன்னாள் படையினன். கோஸ்ட் என்பவளும் புலனாய்வு அமைப்பொன்றால் ஆயுதமாக வளர்க்கப்பட்டவள்தான். இவர்கள் எல்லோரும் வலன்ரீனா என்ற அதிகாரியின் கீழ் இரகசிய வேலைகள் செய்கிறார்கள். அவள் அமெரிக்காவின் மத்திய புலனாய்வு முகவரகத்தின் பணிப்பாளர். அவளைப் பதவி நீக்குவதற்கான விசாரணை தொடங்கியிருக்கிறது. அவளது அவசரம் ஒன்றே ஒன்று: விசாரணைக் குழு வந்து சேர்வதற்கு முன் தடயங்கள் எதுவும் இருக்கக்கூடாது.

அழிக்கப்பட வேண்டிய ஆதாரம்

படத்தின் முதற்பகுதியில் இந்த நான்கைந்து பேரும் ஒரு பாலைவனத்தின் அடியிலுள்ள களஞ்சிய அறைக்கு அனுப்பப்படுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரே மாதிரியான கட்டளை: உள்ளே வருபவரைக் கொல். ஒருவரையொருவர் அடித்துக்கொள்ளும்போது கதவு மூடிக்கொள்கிறது. அப்போதுதான் அவர்களுக்கு விளங்குகிறது, அந்த அறை ஓர் எரியுலை. எரிக்கப்பட வேண்டிய கோப்புகளோடு எரிக்கப்பட வேண்டிய ஆட்களும் அங்கே கொண்டுவந்து சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். செய்த குற்றத்துக்கு அவர்களே சாட்சி. அவர்கள் உயிரோடு இருப்பதுதான் மேலே இருப்பவருக்கு ஆபத்து.

இந்தக் காட்சி வெளிநாட்டுப் பார்வையாளருக்கு ஒரு திருப்பம். நமக்கு இது 2006 ஜனவரி.

அந்த மாதம் 2 ஆம் திகதி மாலை திருகோணமலைக் கடற்கரையில், காந்தி சிலைக்கு அருகில், ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் வைத்திருந்த கைக்குண்டு வெடித்ததால் இறந்தார்கள் என்றுதான் முதலில் சொல்லப்பட்டது. அந்தக் கதையை உடைத்தது ஒரு கமரா. ஊடகவியலாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்து 'சுடர் ஒளி' வெளியிட்ட படங்கள், அவர்கள் சுடப்பட்டதைக் காட்டின. அதே மாதம் 24 ஆம் திகதி காலை சுகிர்தராஜன் திருகோணமலை நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். மூன்று கிழமைகள்தான் இடைவெளி.

மாணவர் கொலை வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட விசேட அதிரடிப் படையினர் 13 பேரும் 2019 ஜூலை 3 ஆம் திகதி திருகோணமலை நீதவான் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார்கள். காரணம், போதிய சாட்சியம் இல்லை என்பது. சாட்சிகள் அச்சுறுத்தப்பட்டு நாட்டைவிட்டுப் போன பிறகு சாட்சியம் எங்கிருந்து வரும்? எரியுலை என்றால் நெருப்பு இருக்கத்தான் வேண்டும் என்றில்லை. பதின்மூன்று வருடத் தாமதமும் அதே வேலையைச் செய்கிறது.

அதே ஆண்டு ஓகஸ்டில் மூதூரில், பட்டினிக்கு எதிரான அமைப்பின் 17 பணியாளர்கள் தங்கள் அலுவலக வளவுக்குள்ளேயே கொல்லப்பட்டார்கள். பதினாறு தமிழர், ஒரு முஸ்லிம். உதவிப் பணியாளர்கள் மீது நடந்த மிக மோசமான தாக்குதல்களில் ஒன்றாக உலகம் அதைக் கணக்கிட்டது. இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

நிழலாகிப் போனவர்கள்

படத்தில் பொப் என்ற இளைஞன் வருகிறான். அப்பாவிடம் அடிவாங்கி வளர்ந்தவன். போதைக்கு அடிமைப்பட்டு, ஏதோவொரு விதத்தில் நல்லவனாக மாறலாம் என்ற நம்பிக்கையில் மலேசியாவில் நடந்த ஒரு மருத்துவப் பரிசோதனைக்குத் தன் உடம்பைக் கொடுத்தவன். அவனைத்தான் வலன்ரீனா 'சென்ட்ரி' என்ற பெயரில் நாட்டின் புதிய காவலனாக உருவாக்குகிறாள். தலைமயிருக்கு நிறம் பூசி, மின்னுகிற உடுப்புப் போட்டு, மக்கள் முன் நிறுத்தப் பார்க்கிறாள். ஆனால் அவனுக்குள் இருக்கும் வெறுமை அவனை மீறி வெளியே வந்து, நியூயோர்க் நகரத்தின் மேல் கருமையாக நிற்கிறது. அது கையை நீட்டினால் தெருவில் போகிற மனிதர் மறைந்து, சாலையில் ஒரு நிழல் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். சத்தம் இல்லை, இரத்தம் இல்லை. ஆள் இல்லை, அவ்வளவுதான்.

காணாமலாக்கப்படுதல் என்பதைத் திரையில் காட்ட எத்தனையோ பேர் முயன்றிருக்கிறார்கள். ஒரு மார்வெல் படம் அதை இவ்வளவு கிட்டச் சென்று காட்டும் என்று யாரும் நினைத்திருக்கமாட்டோம். நிழல் அங்கேயே இருக்கிறது, ஆளைத்தான் காணவில்லை. செத்தவீடு செய்யவும் முடியாது, செய்யாமல் இருக்கவும் முடியாது. பெயரைக் குடும்ப அட்டையிலிருந்து எடுப்பதா விடுவதா என்று தெரியாது. மரணச் சான்றிதழ் வாங்கினால் பிள்ளையை நாமே கொன்றதாகிவிடுமோ என்று பயம். நமது தாய்மார் பதினைந்து, இருபது வருடங்களாக அந்த நிழலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறார்கள்.

படத்தில் கடைசியில் நிழல்கள் எழும்பி மனிதர்களாகி வீட்டுக்குப் போகின்றன. இங்கே படமும் நமது வாழ்க்கையும் பிரிகின்றன.

கன்சைட்

திருகோணமலைத் துறைமுகத்தின் ஆழத்தைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். அந்த ஆழத்துக்காகப் போர்த்துக்கேயர் முதல் ஆங்கிலேயர் வரை வந்தார்கள். 1942 ஏப்ரலில் யப்பானியர் குண்டு போட்டார்கள். 1957 இல் பிரித்தானியக் கடற்படை தளத்தைக் கையளித்துவிட்டுப் போனது. அந்தத் தளம் இப்போது இலங்கைக் கடற்படையின் கையில். அதற்குள்தான் 'கன்சைட்' என்று அழைக்கப்படும் இடம் இருக்கிறது.

வெளி உலகத்துக்கு அது தெரியவந்தது கொழும்பில் நடந்த கடத்தல்களால். 2008, 2009 ஆம் ஆண்டுகளில் கொழும்பிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் 11 இளைஞர்கள் கடத்தப்பட்டார்கள். கப்பத்துக்காகக் கடத்தப்பட்ட இவர்கள் முதலில் கொழும்புக் கடற்படைத் தலைமையகத்திலும் பின்னர் திருகோணமலைத் தளத்தில் கன்சைட்டிலும் அடைத்துவைக்கப்பட்டார்கள் என்பது குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றத்தில் முன்வைத்த விடயம். 2015 நவம்பரில் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகளின் வலிந்து காணாமலாக்கப்பட்டோர் தொடர்பான செயற்குழு அந்த நிலத்தடி அறைகளை நேரில் சென்று பார்த்தது. திருகோணமலைக் கடற்படைத் தளத்துக்குள் ஓர் இரகசியத் தடுப்பு முகாம் இருந்ததைக் கொழும்பில் செய்தியாளர்கள் முன் வெளிப்படையாகச் சொன்னது.

அதுவரை 'இரகசிய முகாம் எதுவும் இல்லை' என்பதே அதிகாரபூர்வமான பதிலாக இருந்தது. நமது சனம் சொன்னபோது அது வதந்தி. ஜெனீவாவிலிருந்து வந்தவர்கள் பார்த்தபோதுதான் அது உண்மையானது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கன்சைட் வெளிச்சத்துக்கு வந்தது தலைநகரிலிருந்து கடத்தப்பட்டவர்களின் வழக்கினால். திருகோணமலை மாவட்டத்தில் பிடிக்கப்பட்டவர்களின் முறைப்பாடுகள் அந்த அளவுக்கு நகரவில்லை. கதவு இருந்தது நமது ஊரில். தட்டுவதற்குக் கொழும்பு வரை போக வேண்டியிருந்தது.

உள்ளே இருந்து பேசியவர்கள்

படத்தில் மெல் என்ற பாத்திரம் சிறியது. வலன்ரீனாவின் உதவியாளர். எல்லாக் கோப்பும் அவள் கைவழியாகத்தான் போகிறது. நடித்திருப்பவர் ஜெரால்டின் விஸ்வநாதன், தந்தை வழியில் தமிழரான அவுஸ்திரேலிய நடிகை. மெல்லுக்கு மனச்சாட்சி உறுத்துகிறது. இரகசியமாக விசாரணைப் பக்கத்துக்குத் தகவல் கொடுக்கிறாள். பிறகு பயந்து பின்வாங்குகிறாள். மறுபடியும் துணிகிறாள். வீரர்களைவிட அவள்தான் நமக்குத் தெரிந்த மனிதர் மாதிரி இருக்கிறாள். இந்த நாட்டில் எத்தனையோ எழுதுவினைஞர்கள், சாரதிகள், சிப்பாய்கள், தாதியர் ஏதோ ஒன்றைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட முடியாமல் இருந்திருப்பார்கள்.

11 இளைஞர் வழக்கு இவ்வளவு தூரம் வந்ததற்கும் உள்ளிருந்தவர்களே காரணம். வழக்கு தொடங்கியதே 2009 இல் அப்போதைய கடற்படைத் தளபதி வசந்த கரன்னாகொட, தன் பாதுகாப்பு அதிகாரி மீது கொடுத்த முறைப்பாட்டில்தான். அந்த அதிகாரியின் அறையில் கடத்தப்பட்டவர்களின் அடையாள அட்டைகள் போன்றவை கிடைத்தன. பின்னர் கடற்படையைச் சேர்ந்த சிலரே முகாம் பற்றிச் சாட்சியம் அளித்தார்கள். பொலிஸ் பரிசோதகர் நிஷாந்த சில்வா தலைமையிலான விசாரணை மேலே மேலே சென்று, முறைப்பாடு கொடுத்த தளபதியையே சந்தேகநபராக்கும் இடத்துக்கு வந்தது. 2018 நவம்பரில் அப்போதைய பாதுகாப்புப் படைகளின் பிரதானி, சந்தேகநபர் ஒருவருக்கு அடைக்கலம் கொடுத்தார் என்ற குற்றச்சாட்டில் விளக்கமறியலில் வைக்கப்பட்டார்.

2019 நவம்பரில் ஆட்சி மாறியது. ஜனாதிபதித் தேர்தல் முடிந்து சில நாட்களில் நிஷாந்த சில்வா நாட்டைவிட்டு சுவிற்சர்லாந்துக்குப் போனார். அவரது மேலதிகாரி ஷானி அபேசேகர இடமாற்றப்பட்டு, அடுத்த ஆண்டு கைதும் செய்யப்பட்டார்.

இந்த வழக்கில் இன்னொரு கூட்டும் இருந்தது. காணாமற்போன 11 பேரில் தமிழர் இருந்தார்கள், முஸ்லிம்கள் இருந்தார்கள், சிங்களப் பெயருள்ளவரும் இருந்தார். அந்தப் பெற்றோர் ஒன்றாக நீதிமன்ற வாசலில் நின்றார்கள். ஒரு தவணைக்கும் அடுத்த தவணைக்கும் இடையில் மகனின் படத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்கள். இந்த நாட்டில் நடந்த உண்மையான கூட்டணி என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் அதைச் சொல்லலாம். அதற்குத் தேர்தல் சின்னமும் இல்லை, வெளிநாட்டுப் பணமும் இல்லை.

கருவியாக்கப்பட்ட பிள்ளைகள்

படம் எதிர்பார்த்ததைவிட ஆழமாகப் போகும் இடம் வெறுமைக்குள் யெலேனா தானாகவே நடந்து போகும் இடம். உள்ளே அறைகள். ஒவ்வொரு அறையிலும் அவரவர் வாழ்க்கையில் மிகவும் வெட்கப்படும் ஒரு தருணம் திரும்பத் திரும்ப நடந்துகொண்டிருக்கிறது. யெலேனாவின் அறையில் அவள் சிறுமி. பயிற்சியின் ஒரு பகுதியாகத் தன் தோழியைக் காட்டுக்குள் அழைத்துப் போகிறாள். தோழி கொல்லப்படுகிறாள். பிடித்துக்கொண்டு போகப்பட்ட பிள்ளையும் அவள்தான், இன்னொரு பிள்ளையைக் கொலைக்கு அழைத்துப் போனவளும் அவள்தான்.

இந்த அறையைப் பார்க்கும்போது கடற்படையை மட்டும் நினைத்துக்கொண்டிருந்தால் நாம் நேர்மையாகப் பார்க்கவில்லை என்று பொருள். கிழக்கில் பிள்ளைகள் பிடிக்கப்பட்டதை நாம் அறிவோம். விடுதலைப் புலிகள் பிடித்தார்கள். பிளவுக்குப் பிறகு கருணா அணியும் பிடித்தது. பிள்ளையைத் தேடி முகாம் வாசலில் நின்ற தாய்மார் இரண்டு பக்கத்திலும் இருந்தார்கள். போர் முடிந்து சுமார் 12,000 முன்னாள் போராளிகள் அரசின் 'புனர்வாழ்வு' முகாம்களுக்குள் போய் வந்தார்கள். அவர்களில் சிறுவயதில் கொண்டுபோகப்பட்டவர்கள் இப்போது நாற்பதை நெருங்குகிறார்கள். வேலை கேட்டால் சந்தேகம், கலியாணம் பேசினால் தயக்கம், இரவில் நித்திரை இல்லை. அவர்களிடம் 'உனக்கு என்ன நடந்தது' என்று உட்கார்ந்து கேட்டவர்கள் எத்தனை பேர்? புலனாய்வுக்காரர் கேட்டார்கள். நாம் கேட்டோமா?

பொப்பின் வெறுமையை அடித்து வெல்ல முடியாது என்பதுதான் படத்தின் முடிவு. அடிக்க அடிக்க அது அவனையே விழுங்குகிறது. மற்றவர்கள் வந்து அவனைக் கட்டிப்பிடித்துக்கொள்ளும்போது அது அடங்குகிறது. சொல்லும்போது சினிமாத்தனமாகத்தான் தெரியும். ஆனால் 'மனம் பாரமாக் கிடக்கு' என்று சொல்லி ஒரு மூலையில் படுத்திருப்பவரைப் பார்த்த எந்தக் குடும்பத்துக்கும் அதில் உள்ள உண்மை விளங்கும். தைரியமாக இரு, மறந்துவிடு என்று சொல்வது அடிப்பது மாதிரித்தான். பக்கத்தில் இருப்பது வேறு. 2017 இலிருந்து வடக்கிலும் கிழக்கிலும் கொட்டகை போட்டுத் தொடர்ந்து இருந்த தாய்மார், நீதிக்காக இருந்தார்கள். அதோடு, தனியாக இருந்தால் உயிரோடு இருந்திருக்கமாட்டோம் என்பதாலும் இருந்தார்கள். பலர் பதில் கிடைக்காமலே இறந்துபோனார்கள்.

பெயர் மாற்றம்

இனி படத்தின் கடைசிக் காட்சி. நகரம் காப்பாற்றப்பட்டுவிட்டது. அணி வலன்ரீனாவைப் பிடிக்க வருகிறது. அவள் ஒரு திரையை விலக்குகிறாள். அங்கே கமராக்களும் செய்தியாளர்களும் நிற்கிறார்கள். 'இவர்கள்தான் புதிய அவெஞ்சர்ஸ்' என்று அறிவிக்கிறாள். கைதட்டல். பதவி நீக்க விசாரணை, எரிக்கப்பட்ட கோப்புகள், மனிதர் மீது நடத்தப்பட்ட பரிசோதனை, எல்லாம் அந்தக் கைதட்டலுக்குள் அமிழ்ந்துபோகின்றன. யெலேனா அவளது காதுக்குள், இனி நீ எங்கள் பிடியில் என்று சொல்கிறாள். அவ்வளவுதான் தண்டனை. படம் வெளியாகி முதல் வார இறுதி முடிந்ததும் தயாரிப்பு நிறுவனமும் விளம்பரங்களில் படத்தின் பெயரையே 'தி நியூ அவெஞ்சர்ஸ்' என்று மாற்றியது. கதைக்குள் நடந்த தந்திரம் வெளியிலும் நடந்தது.

இந்த முடிவைப் படத்தின் பலவீனம் என்று சிலர் எழுதினார்கள். எனக்கு இதுதான் படத்தின் மிக உண்மையான காட்சி என்று தோன்றுகிறது. குற்றத்தை மறைக்க எப்போதும் கொலை தேவைப்படுவதில்லை. ஒரு புதிய பெயரும் ஒரு மேடையும் போதும்.

2019 இல் 14 பேருக்கு எதிராகத் தாக்கல் செய்யப்பட்ட குற்றப்பத்திரிகையில் வசந்த கரன்னாகொடவின் பெயரும் இருந்தது. 2021 ஒக்டோபரில், அவருக்கு எதிரான குற்றச்சாட்டுகளை முன்கொண்டு செல்லப்போவதில்லை என்று சட்டமா அதிபர் நீதிமன்றத்துக்கு அறிவித்தார். அதே ஆண்டு டிசம்பரில் அவர் வடமேல் மாகாண ஆளுநராக நியமிக்கப்பட்டார். குற்றச்சாட்டுகளை அவர் மறுத்தே வந்திருக்கிறார். அவை உண்மையா பொய்யா என்பதை ஒரு நீதிமன்றம் விசாரித்துச் சொல்லியிருக்க வேண்டும். அது நடக்கவில்லை. 2023 ஏப்ரலில் அமெரிக்காவும் 2025 மார்ச் 24 ஆம் திகதி பிரித்தானியாவும் அவர் மீது தடை விதித்தன. பிரித்தானியா தடை விதித்த நால்வரில் இராணுவத் தளபதிகளாக இருந்த சவேந்திர சில்வாவும் ஜகத் ஜயசூரியவும் இருந்தார்கள். நான்காமவர் கருணா என்ற விநாயகமூர்த்தி முரளிதரன். வேறு வேறு பக்கத்தில் நின்று போரிட்டவர்கள் ஒரே பட்டியலில்.

தடை நல்லதுதான். ஆனால் தடை என்பது விசாவும் வங்கிக் கணக்கும் பற்றியது. பிள்ளை எங்கே என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

பட்டியல் வெளியாகி இரண்டு கிழமைக்குள், ஏப்ரல் 5 ஆம் திகதி, இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி கொழும்பில் இருந்தார். திருகோணமலையை எரிசக்தி மையமாக்குவதற்கு இந்தியா, இலங்கை, ஐக்கிய அரபு இராச்சியம் ஆகிய மூன்று நாடுகளும் உடன்பாடு செய்தன. சம்பூர் சூரியமின் திட்டமும் தொடக்கிவைக்கப்பட்டது. அதே சம்பூரில் 2025 ஜூலையில் கண்ணிவெடி அகற்றும்போது மனித எச்சங்கள் வெளிவந்தன. 'எரிசக்தி மையம்' என்பதும் ஒரு புதிய பெயர்தான். அந்தப் பெயரில் வேலைவாய்ப்பு வந்தால் ஊருக்கு நல்லது, யாரும் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. ஆனால் துறைமுகத்தின் மேல் வரையப்படும் எந்த வரைபடத்திலும் கன்சைட் இல்லை.

எதிர்பார்த்ததைவிட நன்றாக, ஆனால்

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 2024 இல் வந்த அரசாங்கத்திடம் இந்த விடயத்தில் நாம் அதிகம் எதிர்பார்க்கவில்லை. தேசிய மக்கள் சக்தியின் மூலக்கட்சி போரை எப்படி ஆதரித்தது என்பது மறந்துபோகவில்லை. ஆனாலும் 2025 நடுப்பகுதியில் ஷானி அபேசேகர மீண்டும் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் பணிப்பாளரானார். ஜூலை 28 ஆம் திகதி முன்னாள் கடற்படைத் தளபதி நிஷாந்த உலுகேதென்ன கைதுசெய்யப்பட்டார். அவர் கடற்படைப் புலனாய்வுப் பணிப்பாளராக இருந்த காலத்தில், குருநாகல் மாவட்டத்தின் பொத்துஹெர பகுதியைச் சேர்ந்த ஒருவர் காணாமற்போனது தொடர்பானது அந்த விசாரணை. திருகோணமலைத் தளத்தின் பெயர் மறுபடியும் நீதிமன்றத்தில் ஒலித்தது. குற்றம் நிரூபிக்கப்படும் வரை அவர் சந்தேகநபர் மட்டுமே. ஆனாலும் கடற்படையின் உச்சப் பதவியில் இருந்த ஒருவரை ஒரு காணாமலாக்கல் முறைப்பாட்டுக்காகக் கைதுசெய்வது இந்த நாட்டில் சின்ன விடயம் இல்லை. எதிர்பார்த்ததைவிட நன்றாகத்தான் இருக்கிறது.

அதனால்தான் கடைசிக் காட்சியைக் கவனமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. பொத்துஹெரக் குடும்பத்துக்குத் திறந்த கதவு மூதூர்க் குடும்பத்துக்கும் திறக்குமா? அல்லது தென்னிலங்கையில் அரசியல் எதிரிகளைப் பிடிப்பதோடு திரை மூடி, 'புதிய இலங்கை' என்று கைதட்டல் தொடங்குமா? 2016 இல் சட்டமாக்கப்பட்டு 2018 இல் இயங்கத் தொடங்கிய காணாமற்போனோர் அலுவலகம் பெயரில் புதியது. ஒரு பிள்ளையையாவது எங்கே என்று சொல்லும்படி அதை நம்பியிருந்த தாய்மார் இன்னமும் படத்தைக் கையில் வைத்திருக்கிறார்கள்.

கேட்க வேண்டியவை பெரிய தத்துவங்கள் இல்லை. கன்சைட்டைக் கடற்படையின் பொறுப்பிலிருந்து எடுத்து, குற்றம் நடந்த இடமாக நீதிமன்றத்தின் பாதுகாப்பில் வைக்க வேண்டும். சுவர்களும் தரையும் தடயவியல் முறைப்படி பரிசோதிக்கப்பட வேண்டும். 2006 இலிருந்து அந்தத் தளத்தில் யார் எந்தப் பொறுப்பில் இருந்தார்கள், யார் யார் உள்ளே கொண்டுவரப்பட்டார்கள் என்ற பதிவேடுகள் விசாரணையாளரிடம் கொடுக்கப்பட வேண்டும். உள்ளிருந்து பேசத் துணிகிற மெல் போன்றவர்களுக்கும், வெளிநாடுகளில் இருக்கும் சாட்சிகளுக்கும், உயிருக்கு உத்தரவாதத்தோடு சாட்சியம் சொல்ல வழி வேண்டும். 11 இளைஞர் வழக்கு தீர்ப்புக்கு வர வேண்டும். பதினேழு வருடம் போதும்.

யெலேனா அந்தக் கருமைக்குள் போகும்போது அவளை யாரும் தள்ளவில்லை. தானாகவே கால் எடுத்து வைக்கிறாள், ஏனென்றால் பொப் உள்ளே இருக்கிறான். திருகோணமலையில் அப்படி உள்ளே போகத் தயாராக இருப்பவர்கள் நிறையப் பேர். வயதான தகப்பன்மார், முழங்கால் நோவோடு தாய்மார், அண்ணனின் முகம் சரியாக நினைவில்லாத தங்கைமார். அவர்களுக்கு வீரர் அணி வேண்டாம். கடற்படை முகாமின் வாசல் காவலாளி விலகி நின்று, உள்ளே போய்ப் பார்க்க விட்டால் போதும்.